செக்கப்புக்குப் போனேன், குழந்தையோடு திரும்பினேன்

கடைசி மாதச் செக்கப் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: ‘சும்மா செக்கப்புக்குத்தான் போனோம் டாக்டர்.’ காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்கேன் ஃபைலோடு கிளம்பியவர்கள், அன்றைக்கு ராத்திரியோ மறுநாளோ வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை என்பதுதான் பலருடைய வருத்தம். 20 வருஷத்துக்கு மேல் பிரசவ வார்டில் நின்றவள் நான். அந்த வருத்தம் நியாயமானது. அவசரத்தில் எங்கள் கை வேலை செய்யும், வாய் பேச மறந்துவிடும். உங்கள் ஃபைலை நான் பார்க்கவில்லை. அதனால் உங்கள் டாக்டர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என்ன யோசித்திருப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

37 வாரம் முடிந்து இரண்டு நாள். பி.பி. 150/100, யூரினில் புரதம் இரண்டு பிளஸ் என்றார்கள். எனக்குத் தலைவலிகூட இல்லை. வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன், விடவில்லை. ஜெல் வைத்தார்கள், மறுநாள் சாயங்காலம் சிசேரியன். நன்றாக இருந்த எனக்கு எதற்கு இவ்வளவு அவசரம்? – வாசகி, தேனி

நன்றாக இருந்தீர்கள் என்பதுதான் இந்த வியாதியின் தந்திரம். 20 வாரத்துக்கு மேல் பி.பி. 140/90 தாண்டி, யூரினில் புரதமும் போனால் அதைப் பிரீஎக்லாம்ப்சியா என்கிறோம். பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எல்லாம் வரும்போது வியாதி முற்றியிருக்கும். அடுத்தது வலிப்பு. ஊர்ப்பக்கம் ஜன்னி என்பார்களே, அது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், வீட்டில் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ‘பையை எடுத்துக்கொண்டு வருகிறேன்’ என்று யாராவது சொன்னால் எனக்கும் விட மனசு வராது. வேறு ஆளை அனுப்பிப் பையை எடுத்து வரச் சொல்வேன்.

இந்த நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. பி.பி. மாத்திரை எண்ணைத்தான் குறைக்கும், நோயைக் குறைக்காது. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்தால்தான் தீர்வு. 34 வாரம் என்றால் குழந்தையின் நுரையீரலுக்காகக் கொஞ்சம் நாள் கடத்தப் பார்ப்போம். 37 தாண்டிவிட்டால் காத்திருப்பதில் லாபம் யாருக்கும் இல்லை. 160/110 தொட்டால் அது இன்னும் பெரிய அவசரம்; மெக்னீசியம் ஊசி போடுவோம். போட்டவுடன் ‘உடம்பெல்லாம் எரியுது’ என்பார்கள். எரியும், ஆனால் வலிப்பு வரும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் ஊசி அது.

சரி, பிறகு ஏன் சிசேரியன்? பி.பி. மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. கர்ப்பப்பை வாயை இளக்கி வலி வரவைக்கத்தான் ஜெல். உங்களுக்கு அதை வைத்தார்கள் என்றாலே சுகப்பிரசவத்துக்கு முயன்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் பிரசவம், 37 வாரம். கர்ப்பப்பை வாய் இன்னும் கெட்டியாக இருந்திருக்கும். வாய் திறக்கவில்லையா, குழந்தையின் துடிப்பு இறங்கியதா, பி.பி. கட்டுக்குள் நிற்கவில்லையா, இந்த மூன்றில் எது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் போய்க் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அடுத்த பிரசவத்துக்கு அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம்.

இன்னொன்று. குழந்தை பிறந்தவுடன் பி.பி. போய்விடாது. மூன்றாம் நாளில் இருந்து ஒரு வாரத்துக்குள் திரும்ப ஏறும் பழக்கம் அதற்கு உண்டு. வீட்டுக்கு வந்தபின் கடும் தலைவலியோ கண் இருட்டலோ வந்தால் ‘தூக்கம் இல்லை, அதனால்தான்’ என்று இருந்துவிடாதீர்கள். ஆறு வாரம் வரை கவனம் வேண்டும். அடுத்த முறை கர்ப்பம் தரித்தால் 12-வது வாரத்திலேயே டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். சிறிய அளவு ஆஸ்பிரின் தருவார்கள்.

ஸ்கேனில் நீர் வற்றிவிட்டது, ஏ.எஃப்.ஐ. 6, உடனே ஆபரேஷன் என்றார்கள். பயந்துபோய் இன்னொரு இடத்தில் பார்த்தால் 8 என்கிறார்கள். 38 வாரம். எந்த ஸ்கேனை நம்புவது? – கணவர், திருப்பூர்

இரண்டையும் நம்பலாம். வயிற்றை நாலு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழமான நீர்ப்பகுதியை அளந்து கூட்டுவதுதான் ஏ.எஃப்.ஐ. குழந்தை கொஞ்சம் திரும்பினால் மாறும். அளப்பவர் கை மாறினால் மாறும். அன்று அம்மா எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தும் மாறும். 5-க்குக் கீழே குறைவு. 5 முதல் 8 வரை எல்லைக்கோடு. பல இடங்களில் இப்போது ஒரே ஒரு ஆழமான பகுதியை அளந்து, அது 2 சென்டிமீட்டருக்குக் கீழே போனால்தான் குறைவு என்கிறார்கள். அந்த முறையில் தேவையில்லாத அவசரங்கள் குறைகின்றன.

வெறும் 6 என்ற எண்ணுக்காக 38 வாரத்தில் வயிற்றைத் திறக்க மாட்டேன். ஆனால் அந்த 6-க்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். குழந்தையின் வளர்ச்சி நின்றிருக்கிறதா, டாப்ளரில் ரத்த ஓட்டம் எப்படி, அம்மாவுக்கு பி.பி. உண்டா, அசைவு குறைந்ததா, பனிக்குடம் ஓட்டையாகி நீர் கசிகிறதா. கடைசியில் சொன்னதைப் பலர் வெள்ளைப்படுதல் என்று நினைத்துச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கணக்கு மாறும்.

எங்கள் தொழிலைப் பற்றி நானே சொல்வதால் தப்பில்லை: ‘நீர் வற்றிடுச்சு’ என்பது சில இடங்களில் ஒரு ரெடிமேட் வாசகம் ஆகிவிட்டது. கேட்டதும் குடும்பமே பயந்து கையெழுத்துப் போட்டுவிடும். அதனால் நிதானமாக மூன்று விஷயம் கேளுங்கள். இன்றைக்கேவா, இல்லை நாளை மறுநாள் வரை பார்க்கலாமா? வலி வரவைத்துப் பார்க்க முடியாதா, ஏன்? காத்திருப்பதென்றால் எதை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள்? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

இளநீர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் நன்றாகக் குடித்தால் அளவு ஓரளவு கூடும் என்பது உண்மை. இளநீருக்கென்று தனி மகிமை கிடையாது, பிடித்தால் குடிக்கட்டும்.

39 வாரம். இரண்டு நாளாகக் குழந்தை அசைவது குறைந்தது. ‘கடைசியில் உள்ளே இடம் இருக்காது, அப்படித்தான் இருக்கும்’ என்றார் அம்மா. செக்கப் தேதிக்குத்தான் போனேன். மெஷினில் துடிப்பு பார்த்தார்கள், அரைமணியில் தியேட்டர். குழந்தை நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்த இரண்டு நாளை நினைத்தால் தூக்கம் வரவில்லை. – வாசகி, கும்பகோணம்

முதலில், நீங்கள் தப்புச் செய்யவில்லை. உங்கள் அம்மா சொன்னதை எங்கள் நர்ஸ்களே சில பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது தவறு. கடைசி வாரங்களில் உதைக்கும் விதம் மாறலாம்; துள்ளல் போய் உருளல் வரலாம். எண்ணிக்கை குறையக் கூடாது. பிரசவ வலி வரும் நாள் வரை குழந்தை அசைய வேண்டும்.

சந்தேகம் வந்தால் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் சாய்ந்து படுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு எண்ண முடிய வேண்டும். முடியவில்லை என்றால் செக்கப் தேதி அடுத்த செவ்வாய்தானே என்று காலண்டரைப் பார்க்காதீர்கள். ராத்திரி 2 மணி என்றாலும் கிளம்பி வாருங்கள், தேவைப்பட்டால் 108-ல். நாங்கள் திட்ட மாட்டோம். திட்டினாலும் வாருங்கள். வீட்டில் ஒரு சின்னக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு ‘துடிப்பு கேட்குது, பரவாயில்லை’ என்று இருப்பவர்கள் இப்போது அதிகமாகிறார்கள். துடிப்பு இருப்பது வேறு, அந்தத் துடிப்பு ஆரோக்கியமாக இருப்பது வேறு.

மெஷினில் நாங்கள் பார்ப்பது அந்த இரண்டாவதைத்தான். நிமிஷத்துக்கு 110-இலிருந்து 160 வரை துடிப்பு ஓட வேண்டும். குழந்தை அசையும்போது கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும். கோடு தட்டையாக இருந்தால் உடனே பயப்பட மாட்டோம், ஏனென்றால் குழந்தை 40 நிமிஷம் வரைகூடத் தூங்கும். அம்மாவைத் திரும்பிப் படுக்கச் சொல்லி, இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுவோம். அதற்குப் பிறகும் ஏற்றமே இல்லை, நடுநடுவே துடிப்பு விழுந்து மெதுவாக எழுகிறது என்றால் உள்ளே பிராணவாயு போதவில்லை என்ற சந்தேகம் வரும். பிரசவ வலி அந்தக் குழந்தையை இன்னும் அழுத்தும். அதனால்தான் தியேட்டர்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. எமர்ஜென்சி என்பதிலும் தரம் உண்டு. இப்போதே உயிருக்கு ஆபத்து என்றால் முடிவெடுத்து 30 நிமிஷத்துக்குள் குழந்தையை எடுக்கப் பார்ப்போம். சிக்கல் இருக்கிறது, ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்றால் ஒன்றிரண்டு மணி நேரம்கூட இருக்கும். வீட்டுக்குப் போன் செய்யலாம், கேள்வி கேட்கலாம். உங்களுடையது முதல் வகை போலிருக்கிறது. அந்த அரைமணியில் யாரும் உங்களிடம் விளக்காமல் ஓடியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் மறுநாள் காலை ரவுண்ட்ஸில் விளக்கியிருக்கலாம். தூக்கம் வராதது, அந்த நாளே கண்முன் ஓடுவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் பிரசவத்துக்குப் பின் நாங்கள் பார்க்க வேண்டியதுதான்.

செக்கப்புக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா? திடீரென்று ஆபரேஷன் என்றால்? – வாசகி, காரைக்குடி

சாப்பிட்டுவிட்டே போங்கள். வெறும் வயிற்றில் வந்து மயங்கி விழுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். காத்திருக்க முடிகிற ஆபரேஷன் என்றால் சாப்பாட்டுக்குப் பின் ஆறு மணி நேரம் விட்டுத்தான் செய்வோம். முடியாது என்றால் முதுகு ஊசி போட்டு, வாந்திக்கும் அமிலத்துக்கும் ஊசி கொடுத்துச் செய்வோம்.

கொடி சுற்றியிருக்கிறது என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறது. சிசேரியன்தானா? அப்புறம் மாமனுக்கு ஆகாது என்கிறார்களே? – தாய்மாமன், விருதுநகர்

தாய்மாமனே எழுதியிருப்பதால் பதிலை அவசரமாகத் தருகிறேன். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி ஒரு சுற்றாவது இருக்கும். தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்துவிடுவோம், அவ்வளவுதான். குழந்தை கழுத்தின் வழியாக மூச்சு விடுவதில்லை, கொடி வழியாகத்தான் பிராணவாயு போகிறது. அதனால் தூக்குப் போட்டதுபோல இறுகும் என்ற பயம் வேண்டாம். வலி நேரத்தில் துடிப்பு விழுந்தால் மட்டும் யோசிப்போம். எண்ணெயில் முகம் பார்க்கும் சடங்கைச் செய்துகொள்ளுங்கள், அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. அந்த எண்ணெயைக் குழந்தையின் மூக்கிலும் காதிலும் விடாதீர்கள்.

குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் போய்விட்டது என்று அவசரமாக அறுத்தார்கள். உண்மையிலேயே அப்படி நடக்குமா? – வாசகி, ஆத்தூர்

நடக்கும். நாள் நெருங்கிய, அல்லது நாள் கடந்த குழந்தைகளிடம் அடிக்கடி பார்ப்பதுதான். பனிக்குடம் உடைந்து நீர் லேசாகப் பச்சையாக வருகிறது, துடிப்பு நன்றாக இருக்கிறது, வாய் திறந்துகொண்டு வருகிறது என்றால் சுகப்பிரசவத்துக்கே காத்திருக்கலாம். பட்டாணிச் சாறு மாதிரிக் கெட்டியாக வந்து, துடிப்பும் சரியில்லை என்றால் காத்திருக்க மாட்டோம். அதைக் குழந்தை உள்ளிழுத்தால் நுரையீரல் பாதிக்கும். ‘மலத்தைச் சாப்பிட்டுவிட்டது’ என்று வார்டில் சொல்வது இதைத்தான். வயிற்றுக்குள் போனதால் பெரிய கெடுதல் இல்லை, நுரையீரலுக்குள் போனால்தான் பிரச்சினை.

என் மனைவி சுயநினைவோடுதான் இருந்தாள். ஆனாலும் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். நான் ஓசூரில் இருந்து வந்து சேர மூன்று மணி நேரம். இது சட்டமா? – கணவர், அரூர்

இல்லை. 18 வயது நிறைந்து, நினைவோடு இருக்கும் பெண்ணின் ஆபரேஷனுக்கு அவளுடைய சம்மதம் போதும். நோயாளி முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்போது வேறொருவர் சம்மதம் அதற்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. கணவர் கையெழுத்து என்பது பின்னால் சண்டை வராமல் இருக்க மருத்துவமனைகள் வைத்துக்கொண்ட பழக்கம். கடைசி மாதத்தில் இதை முன்னாலேயே பேசி வையுங்கள்.

எப்படியும் சிசேரியன்தான், குழந்தை கால் கீழே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். 37-வது வாரத்தில் ரோகிணி வருகிறது. அன்றே எடுக்கச் சொல்லலாமா? – மாமனார், தஞ்சாவூர்

ஐயா, 39 வாரம் நிறையட்டும். 37-ல் எடுத்த குழந்தைகளில் சிலது மூச்சுத் திணறி இரண்டு மூன்று நாள் குழந்தைகள் ஐ.சி.யூ.வில் கிடக்கும். அம்மாவின் பக்கத்தில் இருக்க வேண்டிய நாள் அது. 39 முடிந்தபின் எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டால் நான் வாதாடுவதில்லை. தியேட்டர் காலியாக இருந்தால் சரி. ராகு காலத்தில் எடுத்த குழந்தைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அதற்கு முன் வலி வந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ நட்சத்திரம் பார்க்க நேரம் இருக்காது. இன்னொரு வழியும் இருக்கிறது: 37 வாரம் வாக்கில் வயிற்றின் மேலிருந்தே குழந்தையைத் திருப்பிவிட முயலலாம். ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்பும். செய்யத் தெரிந்தவர்கள் இருக்கும் மருத்துவமனையில் மருமகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் பாதிக் குழந்தைகள் ஆபரேஷனில்தான் பிறக்கின்றன. காசுக்காகத்தானே டாக்டர்? ஒளிக்காமல் சொல்லுங்கள். – வாசகர், மதுரை

ஒளிக்க என்ன இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 44.9 சதவீதம். இந்தியா முழுமைக்கும் 21.5. தமிழ்நாட்டுத் தனியாரில் 63.8, அரசில் 36. தனியாருக்கும் அரசுக்கும் உள்ள அந்த இடைவெளியில் காசு இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். ஆனால் அரசு மருத்துவமனையில் 36 சதவீதத்துக்குக் காசு காரணம் இல்லையே.

அங்கே வேறு கதை. முதல் பிரசவம் சிசேரியன் ஆனவர்களுக்கு இரண்டாவதும் பெரும்பாலும் அப்படியே ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் அந்தக் கூட்டம் பெருகுகிறது. சர்க்கரையும் பி.பி.யும் கூடியிருக்கின்றன. சிறிய மருத்துவமனையில் இருந்து சிக்கலான கேஸ்கள் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளப்படுகின்றன. தனியாரில் ஒரே டாக்டர் நடத்தும் நர்சிங் ஹோமில் ராத்திரி முழுக்க வலியைக் கவனிக்க ஆள் கிடையாது. மயக்க டாக்டர் வெளியூரில் இருந்து வர வேண்டும். சாயங்காலம் 6 மணிக்குள் முடித்துவிடலாம் என்ற எண்ணம் வரும். ஏதாவது ஆனால் கண்ணாடி உடையும் என்ற பயமும் உண்டு. அப்புறம், பத்து மணி நேர வலியைப் பார்த்துவிட்டு ‘அறுத்து எடுத்துவிடுங்க டாக்டர், பிள்ளை கஷ்டப்படுது’ என்று என் காலைப் பிடித்த அம்மாக்களை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

சிசேரியன் ஆன மகளுக்குத் தண்ணீர் அதிகம் தரக் கூடாது, தையல் சீழ் பிடிக்கும் என்கிறார்கள். பத்தியம் எத்தனை நாள்? முதுகு ஊசியால் ஆயுசுக்கும் இடுப்பு வலியாமே? – ஒரு தாய், தென்காசி

தண்ணீர் குடித்தால் சீழ் பிடிக்காது அம்மா. குடிக்காவிட்டால்தான் மலம் இறுகி, முக்கும்போது தையல் வலிக்கும். பிரச்சினை இல்லாத ஆபரேஷன் என்றால் சில மணி நேரத்திலேயே நீராகாரம் தொடங்கலாம், அப்புறம் இட்லி, இடியாப்பம், ரசம் சாதம். பூண்டும் சுறாப்புட்டும் தாராளமாகக் கொடுங்கள். கத்திரிக்காயும் தக்காளியும் சாப்பிட்டதால் பிரிந்த தையலை நான் பார்த்ததில்லை. மறுநாளே எழுந்து நடக்க விடுங்கள், படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சல், தையலில் நீர் அல்லது நாற்றம், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனையும் இரத்தப்போக்கு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீக்கம், இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரி.

முதுகு ஊசி மெல்லிசான ஊசி. சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். அதைச் சொன்னால் வைத்தியம் உண்டு. வருஷக்கணக்கான இடுப்பு வலிக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்லை. குனிந்து பால் கொடுப்பதும், வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதும்தான் காரணம். சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் அதே வலி இருக்கிறதே.

நீங்கள் கேட்காத ஒன்று: சேனை வைக்காதீர்கள், அதாவது பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரையோ தடவாதீர்கள். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். அறுவை நடந்தாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடலாம். வருவது இரண்டு சொட்டு சீம்பால்தான், அன்றைக்கு அந்த வயிற்றுக்கு அவ்வளவே போதும்.

முதல் குழந்தைக்குத் துடிப்பு குறைந்ததால் அவசர சிசேரியன். குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. அடுத்ததைச் சுகப்பிரசவத்தில் பெற முடியுமா? – வாசகி, பொள்ளாச்சி

முடியும், நிறைய பேர் பெற்றிருக்கிறார்கள். தகுந்தவர்களைத் தேர்ந்தெடுத்து முயன்றால் ஏறக்குறையப் பத்தில் ஏழு பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. பயம் என்னவென்றால் பழைய தழும்பு பிளப்பது. அது 200 பேரில் ஒருவருக்கு நடக்கலாம். நடந்தால் நிமிஷங்களில் தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும். ஆகவே 24 மணி நேரமும் தியேட்டர், மயக்க டாக்டர், ரத்தம் எல்லாம் இருக்கிற இடத்தில்தான் முயல வேண்டும். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் வேண்டாம்.

உங்களுக்குச் சாதகம் என்னவென்றால், முதல் காரணம் திரும்பி வந்தே தீரும் காரணம் இல்லை. இடைவெளியும் போதுமானது. பார்க்க வேண்டியது கர்ப்பப்பையில் கீழே குறுக்காக வெட்டினார்களா என்பது. வெளித்தோலில் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். அந்தக் காகிதத்தை வாங்கி, மொபைலில் போட்டோ எடுத்து, கணவருக்கும் அம்மாவுக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து வந்து, ‘வெள்ளத்தில் ஃபைல் போயிடுச்சு மேடம்’ என்று நிற்பவர்களை மாதத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.